ஐம்பதில் இல்லாத இரைச்சல்

உங்கள் காதை நீங்கள் எவ்வளவு தூரம் நம்புவீர்கள்? ஒரு மனிதரின் வேலையைப் பறிக்கும் அளவுக்கு நம்புவீர்களா?

அவசரப்பட்டு இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இருக்கும் பிலோமினாவைக் கேட்டிருந்தால் அவளும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். காதை வைத்துப் பிழைக்கிறவள் அவள். ஒரு மண்டபத்துக்குள் நுழைந்து ஒரே ஒரு முறை கைதட்டிவிட்டு, எந்த மூலையில் ஸ்பீக்கரை வைத்தால் எதிரொலித்துக் கெடுக்கும் என்று சொல்லிவிடுவாள். அந்தக் காதுதான் கமலநாதன் என்ற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரைக் குடிகாரர் என்று நம்பியது.

பிலோமினா கிள்ளானில் பிறந்தவள். அப்பா மாரிஸுக்கு ரயில்வேயில் சிக்னல் வேலை. அம்மா மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுவார். மகளுக்குப் பாட்டு வரவில்லை, ஆனால் யார் சுருதி விலகினாலும் முகத்தைச் சுளித்துக் காட்டிக்கொடுத்துவிடுவாள். பள்ளி முடிந்ததும் ஒலிபெருக்கி வாடகைக் கடை ஒன்றில் ரசீது எழுதும் வேலைக்குப் போனாள். ஒரு கல்யாணத்தன்று ஒலியைக் கலந்து சரிசெய்யும் மிக்ஸரில் உட்கார வேண்டியவன் வரவில்லை. முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு நின்றபோது அவள் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் ரசீது எழுதவில்லை.

இன்றுவரை மண்டபத்தில் அவளைப் பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"சவுண்டு அண்ணன் எங்கம்மா?"

"நான்தான் சவுண்டு அண்ணன். சொல்லுங்க."

இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி அவளுடையது. சின்னதாக ஓர் ஒலிப்பதிவு அறை, பக்கத்தில் கருவிகளை அடுக்கிய கிடங்கு. பக்திப் பாட்டுப் பதிவு செய்ய வருகிறவர்கள் எலுமிச்சம்பழத்தோடும் சூடத்தோடும் வருவார்கள். பழத்துக்கு அனுமதி உண்டு, சூடத்துக்கு இல்லை.

"சாமி பாட்டு மேடம், சூடம் இல்லாம எப்படி?" என்று ஒருவர் மன்றாடினார்.

"சாமிக்கு மூச்சு முட்டாது அண்ணே. என் மைக்குக்கு முட்டும்."

சாமியை நம்புகிறவள்தான் அவளும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறமாட்டாள். ஆனால் ஒலிப்பதிவு அறைக்குள் மின்சாரத்தையும் கணக்கையும் தவிர வேறு எதுவும் வேலை செய்வதில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. இப்படி எண்ணுகிறவர்களே நம்மிடையே குறைவு என்பதால் இதை நல்ல குணம் என்றே நான் சொல்வேன்.

கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனம் அவளுடைய வாடிக்கை. ஆண்டு விருந்து, பரிசளிப்பு, கூட்டம் எதுவானாலும் அங்கே ஒலி ஏற்பாடு அவளுடையது. மனிதவளப் பொறுப்பில் இருந்த சீதாலெட்சுமி அவளை ஒரு போன் அடித்துக் கூப்பிட்டுவிடுவார். "பிலோ, வழக்கம் போல லா" என்பார். அதற்குமேல் பேச்சு தேவைப்படாது.

அந்த முறை கூப்பிட்டது விருந்துக்கு இல்லை. கிடங்கின் சரிவுப் பாதையில் இறங்கி வந்த ஃபோர்க்லிஃப்ட் ஒன்று நிற்காமல் போய், அடுக்கியிருந்த சரக்கில் மோதியது. சரக்கு சரிந்ததில் வங்காளதேசத்து இளைஞர் ஒருவருடைய கால் நசுங்கியது. வண்டியை ஓட்டியவர் பண்டமாரான்வாசியான கமலநாதன். பிரேக் பிடிப்பதில்லை என்று பல தடவை மேற்பார்வையாளரிடம் சொல்லியிருக்கிறேன் என்பது அவருடைய கட்சி. கவனக்குறைவு என்பது நிறுவனத்தின் கட்சி. உள்விசாரணை வைத்தார்கள். கமலநாதனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்து கோலாலம்பூர் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே மூன்று பேர் கொண்ட குழு கேட்டு முடிவு சொல்லும்.

பிரேக் கெட்டது என்றால் நிறுவனத்தின் குற்றம். கெடவில்லை என்றால் ஓட்டுநரின் குற்றம். ஒரு மனிதரின் வேலையும், ஓர் இளைஞரின் காலுக்கு யார் பதில் சொல்வது என்பதும் அந்தப் பதிவில் இருந்தன.

பிலோமினா கூட்ட அறையில் மேசை மைக்குகளைச் சரிபார்த்தாள். அந்த அறையிலேயே நிறுவனத்தின் டிஜிட்டல் மிக்ஸர் ஒன்று பொருத்தியிருந்தது. தன் பதிவுக்கருவியை ஒரே ஒரு டிஜிட்டல் கேபிளால் அதோடு இணைத்தாள். பதிவு ஓடத் தொடங்கியதும் சீதாலெட்சுமி அவளைப் பார்த்தார்.

"பிலோ, நீ வெளிய இரு. கான்ஃபிடென்ஷியல்."

"பதிவானத ஒரு நிமிஷம் ஓட்டிக் கேட்டுட்டுப் போறேனே, அக்கா."

"முள்ளு ஆடுதுல்ல? போதும். போ போ."

வெளியே போனாள். பதிவைத் திறந்து கேட்கக்கூடாது என்றும் அவளிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். முடிந்ததும் மெமரி கார்டை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். கமலநாதன் அந்த அறைக்குள் போனதையும் வந்ததையும் தாழ்வாரத்தில் பார்த்தாள். அவர் பேசி அவள் கேட்கவில்லை.

சில வாரங்கள் கழித்து அவர் பிரிக்பீல்ட்ஸ் மாடிப்படி ஏறி வந்தார். கூட அவர் மனைவி நல்லம்மாள். கமலநாதன் கையில் ஒரு பென்டிரைவ். அந்தம்மாள் கையில் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு பொட்டலம்.

"அன்னிக்கி ரெக்கார்டு பண்ணுனது நீங்கதானே மிஸ்?"

"ஆமாண்ணே. உக்காருங்க."

"என்னைய வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. விசாரணைக்கே குடிச்சிட்டு வந்தேனாம். குடிகாரன் சொல்றத எப்படி எடுத்துக்கிறதுன்னு சொல்லிட்டாங்க. பிரேக்கு பேச்சே இல்ல." அப்பீலுக்காகக் கேட்டு வாங்கிய பிரதி என்று பென்டிரைவை நீட்டினார். "மிஸ், இதுல பேசுறது நான் இல்ல."

பிலோமினா சிரித்துவிட்டாள். இந்த வசனத்தை அவள் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறாள்.

"எல்லாருமே அப்படித்தாண்ணே சொல்வாங்க. நம்ம குரல நாம மண்டைக்குள்ள இருந்து கேக்குறோம். வெளிய இருந்து கேட்டா வேற ஆளு மாதிரிதான் இருக்கும்."

"அவரு மண்டைய விடுங்க," என்றார் நல்லம்மாள். "நான் அந்த மண்டைக்கு வெளிய இருந்துதான் இத்தன வருஷமா குடும்பம் நடத்துறேன். நான் சொல்றேன், அது அவரு குரல் இல்ல."

பிலோமினா கணினியைத் திறந்தாள். பென்டிரைவைச் செருகினாள்.

பதிவில் ஓர் ஆண்குரல் கனத்து, இழுத்து, சொல்லுக்குச் சொல் தள்ளாடியபடி வந்தது. "பிரேக்கு... பிடிக்கலன்னு... நான் சொன்னேன் சார்..."  சம்பள நாள் மாலையில் அவள் அப்பா வீட்டு வாசலில் நின்று செருப்பைக் கழற்றும்போது இப்படித்தான் பேசுவார். இந்தக் குரலை அவளுக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்தாள்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. பயத்துல அன்னிக்கி லேசா..."

"லேசாவும் இல்ல, கனமாவும் இல்ல மிஸ். நான் தொடுறதே இல்ல."

"கல்யாண வீட்டுல இவருக்கு வைக்கிற பீரு எங்கண்ணன் வயித்துக்குத்தான் போவும்," என்றார் நல்லம்மாள். "அந்த பீருக்காகவே எங்கண்ணன் இவரு பக்கத்துல உக்காருவாரு. இப்ப அவரே சொல்றாரு, 'மச்சான் ஒரு மடக்கு போட்டுட்டுப் போயிருப்பாப்ல, விடும்மா'ன்னு. அவர என்னான்னு சொல்றது?"

"யூனியன்ல?"

"யூனியன்காரரும் கேட்டாரு. கேட்டுட்டு என் தோள்ல கைய வச்சாரு," என்றார் கமலநாதன். "வேற ஒண்ணும் சொல்லல."

நல்லம்மாள் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். கிள்ளானில் குறி சொல்கிறவர் ஒருவர் கொடுத்த திருநீறாம். யாரோ கமலநாதன் குரலைக் கட்டிவிட்டார்களாம். பதிவு செய்த பெட்டியின் மேல் இதைத் தூவினால் கட்டு அவிழுமாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கத்தான் வேண்டும். ஒரு தமிழ்த் தொழிலாளியின் குரல் மாறியிருக்கிறது. மேலே உள்ளவர்களுக்கு அதற்கு ஒரே ஒரு காரணம் தெரிந்தது: சாராயம். பக்கத்தில் உள்ளவர்களுக்கும் ஒரே ஒரு காரணம் தெரிந்தது: செய்வினை. அந்தக் காலத்துத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடையைத் திறந்து வைத்தார்கள். பிறகு அதே ஆட்களைப் பரம்பரை பரம்பரையாகக் குடிகாரர்கள் என்றார்கள். தோட்டம் போய்விட்டது, துண்டாடி விற்றாகிவிட்டது; பெயர் மட்டும் போகவில்லை. நாமும் சேர்ந்துதான் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம். நடுவில் ஓர் இயந்திரம் இருந்ததே, அதைக் கேட்போமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த இயந்திரத்தின் சொந்தக்காரிக்கே தோன்றவில்லை.

அவளுக்கு அவர்கள்மேல் இரக்கம்தான் வந்தது, நம்பிக்கை வரவில்லை. சும்மா அனுப்ப மனமில்லாமல், "இரைச்சல் நெறையா இருக்கு. அத எடுத்துட்டுத் தரேன், இன்னும் தெளிவா கேக்கும்," என்றாள்.

எந்தப் பதிவிலும் அடியில் மெல்லிய ரீங்காரம் ஒன்று கிடக்கும். சுவருக்குள் ஓடும் மின்சாரம் கேபிள்களுக்குள் கசிவது அது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை அதிர்வது. ஆகவே இரைச்சலும் ஐம்பதிலும் அதன் மடங்குகளிலும் கிடக்கும். ஐம்பதில் ஊசி போல ஒல்லியாக ஒரு வடிகட்டியைப் போட்டால் பேச்சுக்குக் கேடில்லாமல் இரைச்சல் மட்டும் போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை. ஐம்பதில் போட்டாள்.

இரைச்சல் போகவில்லை.

மறுபடி போட்டாள். வடிகட்டியின் ஆழத்தைக் கூட்டினாள். இரைச்சல் அசையவில்லை. திரையில் அதிர்வெண் வரைபடத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தாள். ஐம்பது காலியாக இருந்தது. அதற்கு இடப்பக்கம், நாற்பத்தாறின் மேல் கிட்டத்தட்ட உட்கார்ந்தாற்போல, ஒரு கோடு செங்குத்தாக நின்றது.

 ஐம்பதை நாற்பத்தெட்டால் வகுத்து நாற்பத்து நாலு புள்ளி ஒன்றால் பெருக்கிப் பார்த்தாள். வந்த விடை அந்தக் கோடு நின்ற இடமேதான். எழுந்து கிடங்குக்குள் போய், அன்றைக்கு எடுத்துச் சென்ற பதிவுக்கருவியை இறக்கி உயிர்ப்பித்தாள். அதன் அமைப்பில் 44.1 என்று இருந்தது.

விஷயம் இதுதான். டிஜிட்டல் பதிவு என்பது ஒலியை நறுக்கி நறுக்கி எண்ணாக்குவது. நொடிக்கு எத்தனை நறுக்கு என்பதைச் சேம்பிள் ரேட் என்பார்கள். கூட்ட அறைகளிலும் காணொளிக்காரர்களிடமும் நாற்பத்தெட்டாயிரம் வழக்கம். பாட்டு சி.டி. தட்டுக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு. இரண்டு கருவிகளை டிஜிட்டல் கேபிளில் பூட்டினால் ஒன்று தாளம் போட வேண்டும், மற்றது அதைக் கேட்டு நடக்க வேண்டும். அந்தத் தாளத்துக்கு இவர்கள் சொல்லும் பெயர் கிளாக். தாளம் போடுவதை எசமான் என்றும் கேட்டு நடப்பதை அடிமை என்றும் தொழிலில் நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். பிலோமினா அந்த இரண்டாவது சொல்லை வாயில் எடுப்பதில்லை. பின்னால் வருகிற பெட்டி என்றுதான் சொல்வாள்.

அன்றைக்கு மிக்ஸர் நாற்பத்தெட்டில் தாளம் போட்டது. அவளுடைய பெட்டி ஒழுங்காகப் பின்னால் வந்தது. நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் நறுக்குகளை வாங்கி அடுக்கியது. ஆனால் கோப்பின் நெற்றியில் எழுத வேண்டிய எண்ணை மட்டும் தன் சொந்த அமைப்பிலிருந்து எடுத்து எழுதியது. அதற்கு முன் அவள் செய்தது கிள்ளானில் ஒரு ஞானப்பாடல் தட்டு. நாற்பத்து நாலு புள்ளி ஒன்றில் வைத்த பெட்டியை அவள் மாற்றவில்லை. புதிய கருவியாக இருந்தால் கூச்சல் போட்டிருக்கும். இது பழசு, வாயில்லாதது. கேட்கிற கணினி நெற்றி எண்ணை நம்பி, வேகமாக நறுக்கியதை மெதுவாக ஓட்டியது. குரல் இழுத்தது, முக்கால் கட்டை சுருதி இறங்கியது.

இரண்டு திரையிலும் ஒரே எண் நிற்கிறதா என்று பார்ப்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அவள் பார்க்கவில்லை. பதிவானதை ஒரு நிமிடம் திருப்பி ஓட்டிக் கேட்டிருந்தாலும் பிடித்திருப்பாள். கேட்க விடவில்லை.

கோப்பின் நெற்றி எண்ணை மாற்றிவிட்டு ஓட்டினாள். கமலநாதனின் குரல் அறைக்குள் வந்தது. கொஞ்சம் கீச்சென்று, வேகமாக, பதற்றத்தோடு. "பிரேக்கு பிடிக்கலன்னு நான் சொன்னேன் சார். மூணு வாட்டி சொன்னேன் லா!"

"இந்தா, இதான் அவரு!" என்றார் நல்லம்மாள். "வீட்டுல இப்படித்தான் கத்துவாரு."

கமலநாதன் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தார். "இன்னும் தூவவே இல்ல, அதுக்குள்ள அவுந்திருச்சா?"

"என்னா நடந்துச்சு மிஸ்?" என்று கேட்டார் நல்லம்மாள்.

பிலோமினா விளக்கினாள். நறுக்கு, தாளம் என்று ஆரம்பித்து எங்கேயோ சிக்கிக்கொண்டு நிறுத்தினாள். பிறகு, "உள்ள இருக்கிற சரக்கு சரிதாண்ணே. மேல ஒட்டுன லேபிள்தான் தப்பு," என்றாள்.

அது அவருக்கு உடனே விளங்கியது. வாழ்நாள் முழுக்கக் கிடங்கில் இருந்தவர். "எங்க இடத்துல லேபிள் தப்பா இருந்தா, ஒட்டுனது யாருன்னு கேப்பாங்க. சரக்கத் தூக்கிக் கடல்ல போட மாட்டாங்க."

"ஒட்டுனது நான்தாண்ணே."

 நல்லம்மாள்தான் கேட்டார். "இத அவங்ககிட்ட சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன் கா."

சொல்வதற்கு முன் சீதாலெட்சுமிக்குப் போன் செய்தாள். அவர் அந்த அறையில் இருந்தவர். உதவுவார் என்று எண்ணினாள்.

"பிலோ, இப்பப் போயி ஏன் இதக் கெளப்புற? ஏதோ மெஷின் விஷயம். முடிஞ்சு போச்சு."

"கா, நீங்க உள்ள இருந்தீங்க. அவரு குடிச்சிருந்தாரா?"

"நான் அத கவனிக்கல."

"மேசைக்கு எதுத்தாப்புல உக்காந்து கேள்வி கேட்டவங்க நீங்க."

"பாரு, இதுல உன் பேருதான் கெடும். ரெக்கார்டிங்க நீதான் கெடுத்தேன்னு நீயே போயி சொல்லப் போறியா? அடுத்த விருந்துக்கு உன்னையக் கூப்பிடலாமான்னு நான் எப்படி மேல கேப்பேன்? யோசிச்சுப் பாரு லா."

யோசித்தாள். அந்தப் போன் பேச்சு அவளுக்கு இன்னொரு வகையில் பயன்பட்டது. சீதாலெட்சுமியின் குரல் மெல்லியது, வேகமானது. வாக்கியத்தை முடிக்குமுன் அடுத்ததுக்குத் தாவிவிடும். பிலோமினா பென்டிரைவில் இருந்த பழைய பதிவை மறுபடி ஓட்டினாள். இந்தத் தடவை கேள்வி கேட்கும் பெண்குரலைக் கேட்டாள். ஆழ்ந்த, நிறுத்தி நிதானமாக வரும் ஒரு குரல். யாரோ ஒரு நீதிபதி போல. அந்தக் கேள்விகளை அவள் முன்பும் கேட்டிருந்தாள். அப்போது ஒன்றும் உறுத்தவில்லை.

தலைமையகம் செண்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டடத்தில் இருந்தது. அப்பீலைக் கேட்டது அதே மூன்று பேர். தலைவர் தம்புசாமி, அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சீதாலெட்சுமியும் வந்திருந்தார். மேசையின் கடைசியில் கமலநாதன் கைகளைத் தொடைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார்.

பிலோமினா தன் தவற்றைச் சொன்னாள். பதிவில் எண் தவறாக விழுந்ததற்குத் தானே காரணம், வேறு யாரும் இல்லை என்றாள். தம்புசாமி பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ் பிலோமினா, நான் எஸ்டேட்டுல பொறந்தவன். லயத்துக்குப் பின்னாலதான் கள்ளுக்கடை. குடிச்சவன் எப்படிப் பேசுவான்னு எனக்குத் தெரியாதா?"

"எனக்கும் தெரியும் சார். எங்கப்பா சம்பள நாள்ல குடிப்பாரு. நானும் இதக் கேட்டேன். எனக்கும் குடிச்ச மாதிரிதான் பட்டுச்சு."

"அப்புறம் என்ன?"

"நம்ம ரெண்டு பேரு காதும் தப்பு சார்."

திரையில் வரைபடத்தைக் காட்டினாள். ஐம்பதில் இருக்க வேண்டிய இரைச்சல் நாற்பத்தாறில் நிற்பதைக் காட்டினாள். "இந்த நாடு முழுக்க கரண்டு ஐம்பதுல ஓடுது. இந்தப் பதிவுல மட்டும் தள்ளாடிக்கிட்டு நிக்குது. அன்னிக்கி கரண்டும் குடிச்சிருந்துச்சா சார்?"

குழுவில் இருந்த இன்னொருவர் தலையை ஆட்டினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா வேகமாக்கி ஓட்டுனா எந்தக் குடிகாரனும் தெளிவாத்தான் பேசுவான். நீங்க அவர தெளிய வச்சிட்டீங்க, அவ்வளவுதானே?"

"சார், உள்ள ஒரு துளியையும் நான் தொடல. மேல இருந்த எண்ண மட்டும் மாத்துனேன். அத மாத்துனதும் இரைச்சல் தானா ஐம்பதுல போயி உக்காந்துக்குச்சு. வேற எந்த எண்ணப் போட்டாலும் உக்காராது. உங்க ஆள வச்சே போட்டுப் பாருங்க."

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். ஆனால் முகம் இளகவில்லை. அப்போது பிலோமினா, யாரும் கேட்காமலே, திருத்தாத பழைய பதிவை எடுத்து ஓட்டினாள். கமலநாதனின் பகுதியைத் தாண்டிப் போய், கேள்வி கேட்கும் பெண்குரலில் நிறுத்தினாள். "வண்டியை... எடுப்பதற்கு முன்... சோதித்தீர்களா?"

"இது மேடம் சீதாலெட்சுமி," என்றாள். "மேடம் இங்கதான் இருக்காங்க. இப்படியா பேசுவாங்க?"

எல்லோரும் சீதாலெட்சுமியைப் பார்த்தார்கள். அவர் மேசையைப் பார்த்தார்.

"அதே பதிவு, அதே கேபிளு, அதே தப்பு. இவங்களும் அதே அளவுக்குத்தான் இழுக்குறாங்க. சார், போன தடவை அண்ணனுக்கு அனுப்புன முடிவுல இவங்களப் பத்தி என்ன சொன்னீங்க?"

தம்புசாமிக்கு நினைவிருந்தது. விசாரணை அதிகாரி நிதானமாகவும் கண்ணியமாகவும் கேள்வி கேட்டார் என்று பாராட்டியிருந்தார்.

இயந்திரம் பதவி பார்க்கவில்லை. அறையில் இருந்த அத்தனை பேரையும் ஒரே விகிதத்தில் மெதுவாக்கியது. அதிகாரியின் மெதுவைக் கேட்டவர்கள் கண்ணியம் என்றார்கள், ஓட்டுநரின் மெதுவைக் கேட்டுக் கள் என்றார்கள். காதில் நடந்த அந்த இரண்டாவது பிழைக்கு எந்தக் கருவியிலும் பொத்தான் கிடையாது.

தம்புசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் கேட்டது பிலோமினாவை அல்ல.

"மேடம், நீங்க அந்த ரூம்ல இருந்தீங்க. இவரு குடிச்சிருந்தாரா?"

சீதாலெட்சுமி மேசையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இல்ல சார்."

"அப்ப ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல சார்."

கமலநாதன் அப்போதுதான் தலையைத் தூக்கினார்.   அன்றைக்கு அந்த மேசையைச் சுற்றி நடந்ததில் அவரை அதிகமாக வலித்தது எது என்று பிறகு பிலோமினா கேட்டபோது, குடிகாரன் என்று எழுதியதைச் சொல்லவில்லை. யாரும் கேக்கல சார் என்ற அந்த மூன்று சொற்களைத்தான் சொன்னார்.

வேலைநீக்கம் ரத்தானது. அவருடைய வாக்குமூலம் செல்லும் என்றார்கள். செல்லும் என்றதும், அவர் சொன்ன பிரேக்கைப் பற்றி விசாரித்தே தீர வேண்டியதாயிற்று. ஃபோர்க்லிஃப்ட் சோதனைக்குப் போனது. கால் நசுங்கிய இளைஞரையும் இந்தத் தடவை பேசக் கூப்பிட்டார்கள். முதல் தடவை அவரைக் கூப்பிடவில்லை என்பதே அப்போதுதான் வெளியே தெரிந்தது. அந்த விசாரணை இன்னும் முடியவில்லை. முடிவு நல்லதாகத்தான் இருக்கும் என்று சொல்லி உங்களை வீட்டுக்கு அனுப்ப எனக்கு விருப்பமில்லை.

நல்லம்மாள் திருத்திய பதிவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அண்ணன் ஒரு கட்டைவிரலைப் பதிலாக அனுப்பினார். அடுத்த கல்யாணத்தில் கமலநாதனுக்கு வைத்த பீர் திறக்கப்படாமல் மேசையிலேயே இருந்ததாம். அண்ணன் வேறு மேசையில் உட்கார்ந்திருந்தாராம்.

நிறுவனத்தின் அடுத்த விருந்துக்கு வேறு ஒருவர் ஒலி ஏற்பாடு செய்தார். பிலோமினா அதைப் பற்றிப் பேசுவதில்லை. இப்போது அவள் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள்: எவ்வளவு பெரிய ரகசியக் கூட்டமானாலும் பதிவான முதல் நிமிடத்தைத் திருப்பி ஓட்டித் தன் காதால் கேட்டபிறகுதான் வெளியே போவாள். ஒப்பாதவர்களின் வேலையை அவள் எடுப்பதில்லை. அதனால் இரண்டு மூன்று வாடிக்கைகள் போய்விட்டன. போகட்டும் என்கிறாள்.

அவளுடைய தவறு பெரியதுதான். அதை அவள் ஒப்புக்கொண்டாள், சரிசெய்தாள். ஒரு பொத்தானில் தீர்ந்துபோகிற தவறு அது. ஆனால் விசாரணை அன்று அந்த அறையில் சீதாலெட்சுமி மட்டும் இல்லை. குறிப்பெடுத்தவர் இருந்தார், மேற்பார்வையாளர் இருந்தார், தண்ணீர் கொண்டுவந்து வைத்தவர் இருந்தார். கமலநாதன் குடிக்கவில்லை என்று அத்தனை பேரும் கண்ணால் பார்த்தார்கள். அவர் குடிகாரர் என்று வேலையை இழந்தபோது அத்தனை பேரும் கம்பெனியில்தான் இருந்தார்கள்.

நீங்கள் வேலை செய்கிற இடத்திலும் இப்படி ஒரு மேசை போடப்பட்டிருக்கும், ஒருவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டிருப்பார்கள், நீங்களும் அந்த அறையில் ஒரு ஓரமாக இருந்திருப்பீர்கள். அவரைப் பற்றிப் பிறகு எழுதப்பட்டது உண்மையில்லை என்று உங்களுக்குத் தெரியும். உங்களை யாரும் கேட்கப் போவதில்லை. நாளைக் காலை வேலைக்குப் போனதும், கேட்காமலே, பார்த்ததைப் போய்ச் சொல்லுங்கள்.